வண்டி வேண்டாம் என்பதற்குக் காரணம்

ஐயா,

விபத்துக்குள்ளான என் காரைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லி உங்கள் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்கு வண்டி வேண்டாம். வேண்டாம் என்றால் காரணம் எழுதித் தர வேண்டுமாம். எழுத்தர் கொடுத்த படிவத்தில் அதற்கு இரண்டு வரிதான் இடம் இருக்கிறது. ஆகவே தனித்தாளில் எழுதுகிறேன்.

பழைய கார்களை உருமாற்றித் தரும் பட்டறையில் பதினாறு வருடமாக மின்வேலை செய்கிறேன். எனக்குச் சுத்தம் முக்கியம். என் தங்கையும் மாப்பிள்ளையும் போன வருடம் என் வீட்டுக்குக் குடிவந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர், சிரித்த முகம். ஆனால் வாயில் வைத்து எடுத்த கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் விடுவார். என் கார் சாவியால் காது குடைந்து, நுனியை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டிவிடுவார். சொல்லிப் பார்த்தேன்.

"விடுங்க மச்சான், நாம என்ன வேத்தாளா?" என்றார்.

அவர் வேலைக்குப் போகும் வழியும் என் வழிதான். தினமும் மோட்டார் சைக்கிளில் என் காருக்குப் பின்னாலேயே வருவார். "நெரிசல்ல எனக்குத் தலை சுத்தும் மச்சான். உங்க சிவப்பு லைட்டைப் பார்த்தா போதும், கண்ணை மூடிக்கிட்டு வந்துடுவேன்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்விளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, வண்ணம் பூசினேன். டிக்கி மூடியின் மேல் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் எடுத்து, அதன் அடியில் விளக்குப் பட்டையைப் பதித்தேன். பிரேக்கை மிதித்தால் மட்டும் எரியும்.

"என்ன மச்சான், காருக்கு மொட்டை அடிச்சிட்டீங்க? லைட்டு எங்க?" என்று சிரித்தார்.

பக்கத்தில் நிற்கச் சொல்லி மிதித்துக் காட்டினேன். குனிந்து பார்த்து, "அடேயப்பா, ஜோரா எரியுது" என்றார். பிறகு விரலை நக்கி, பட்டை மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டார்.

உங்கள் ஆய்வாளரும் அப்படித்தான் மூன்றடி தள்ளி நின்று பார்த்து, விளக்கு சரியாக இருக்கிறது, பின்னால் வந்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். பதினைந்து அடி தள்ளி, மோட்டார் சைக்கிள் இருக்கையின் உயரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தின் விளிம்பு மறைத்துவிடும், ஒன்றும் தெரியாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதை நான்கு முறை சரிபார்த்தேன்.

மறுநாள் காலை தங்கையும் தையற்கடைக்குப் போகக் கிளம்பினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "அண்ணே, இவரு உன்னை நம்பித்தான் வர்றாரு, பார்த்துப் போ" என்றாள். மாப்பிள்ளை தும்மினார். அவர் மூக்கைத் துடைத்த கைக்குட்டையால் அவள் தன் நெற்றியையும் துடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் ஏறினாள்.

பாலம் இறங்கும் இடத்தில் கண்ணாடியில் பார்த்தேன். அவள் மோவாய் அவர் தோள்மேல் இருந்தது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது உண்மை. கைக்குட்டை நினைவுக்கு வந்தது. பிரேக்கை முழுவதும் மிதித்தேன். நாய் குறுக்கே வந்தது என்று முதலில் சொல்லியிருந்தேன். நாய் எதுவும் வரவில்லை.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். டிக்கியின் மேல் அவருடையது என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அதை நான் தொட மாட்டேன். வண்டி வேண்டாம் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இன்னொரு சிறு விஷயம். இடுப்பெலும்பு முறிந்த தங்கையை வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லி மருத்துவமனையிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. "அண்ணன் எப்ப வரும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அங்கேயும் இதுபோல ஒரு படிவம் உண்டா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.