ரசமட்டத்துக் குமிழி

மேடம், உங்கள் ஸ்டேஷன் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கோணலாக எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. என் மீது குற்றம் என்று ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லலாம். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

பெயர் திருமுருகன். கட்டடங்களைப் படம் எடுப்பது தொழில். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை நீங்கள் ஃபிளெக்ஸில் பார்த்து மயங்கிய அடுக்குமாடிகளில் பாதி என் கைவண்ணம். நேரில் போய் ஏமாந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. சாதாரணக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் மாடிகள் மேலே போகப் போகக் குறுகி, கட்டடம் மல்லாக்க விழுகிற மாதிரி தெரியும். என்னிடம் இருப்பது டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ். கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். கேமராவின் முதுகு சுவருக்கு இணையாக இருக்கிறவரை படத்தில் கோடுகள் நேராக நிற்கும்.

அதே லென்ஸைச் சாய்த்தால் வேறு வித்தை. குமணன்சாவடி சந்திப்பை ஒரு மொட்டை மாடியிலிருந்து அப்படி எடுத்தேன். நடுவில் ஒரு பட்டை மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல். பஸ், லாரி, மனிதர்கள் எல்லாம் கொலு பொம்மை அளவுக்குத் தெரிந்தார்கள். பரிசுகூடக் கிடைத்தது. அந்த அளவில் மனிதர்கள் ரொம்ப அழகு, மேடம். பேசவும் மாட்டார்கள்.

சரசாக்கா பேசுவார். கரையான்சாவடியில் நாங்கள் இருந்த நான்கு மாடிக் குடியிருப்பு அவர் குடும்பத்து நெல்வயலில் எழும்பியது. நிலம் கொடுத்த பங்குக்கு அவருக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு. நான் மூன்றாவது மாடி. போன ஆடி மாதம் அவர் கட்டடத்தைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். படத்தில் கட்டடம் ரோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. காலை வணக்கம் தவிர வேறெதுவும் வராத குழு அன்று பற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள்.

"வாசக்கதவு சாத்தவே மாட்டேங்குது. தரையில எலுமிச்சம்பயம் வெச்சா தானா ரோட்டாண்ட உருண்டுகினு போவுது. இது எங்க கயனி, எனக்குத் தெரியாதா? அடியில ஈர மண்ணு. எல்லாரும் காலி பண்ணிடலாம், அப்பால இன்ஜினீயர இட்டாந்து காட்டலாம்" என்றார் சரசாக்கா. பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக மூட்டைகூடக் கட்டிவிட்டார்.

சங்கத் தலைவர் ரவிச்சந்திரன் என் பக்கம் திரும்பி, "நீங்க கேமரா ஆளு, நீங்க சொல்லுங்க சார்" என்றார். செல்போனை அண்ணாந்து பிடித்தால் எந்தக் கட்டடமும் சாயும் என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முறையாக ஒரு படம் எடுத்துத் தருகிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன்.

மறுநாள் காலை எதிர்ச்சாரியில் டிரைபாடை நிறுத்தினேன். அதன் தலையில், கொத்தனார் வைத்திருப்பதைப் போலவே, குட்டியாக ஒரு ரசமட்டம் உண்டு. கேமரா மட்டமாக இருந்தால் அதற்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்கும். குமிழியை நடுவில் நிறுத்திப் பார்த்தேன். மாடிகள் மேலே போகப் போக அகன்றன. முன்சுவர் என்னை நோக்கிச் சாய்ந்திருந்தது. எலுமிச்சம்பழம் பொய் சொல்லவில்லை. சுவர் எவ்வளவு முன்னால் வந்திருந்ததோ அவ்வளவு கேமராவைப் பின்னால் சாய்த்தேன். கோடுகள் நேராயின. குமிழி மட்டும் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. குமிழி படத்தில் விழாது.

படத்தைச் சட்டம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டினார்கள். சரசாக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நேராத்தான் கீது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் நைனா. நான் ஒரு பைத்தியம், எல்லாரையும் பயங்காட்டிட்டேன்" என்று சிரித்தார். மூட்டையைப் பிரித்துத் துணிகளை மறுபடி பீரோவில் அடுக்கினார். இன்ஜினீயரை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த நாள் எனக்கு வடகறி கொடுத்தனுப்பினார். நன்றாக இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் கட்டடத்தின் முன்பாதி ரோட்டில் விழுந்தது. வேலைக்குப் போனவர்கள் பிழைத்தார்கள். சரசாக்கா வேலைக்குப் போகிறவர் இல்லை. செய்தி கேட்டுப் போனேன். எதிர் மொட்டை மாடியிலிருந்து லென்ஸைச் சாய்த்து ஒரு படம் எடுத்தேன். ஜேசிபி மஞ்சள் பொம்மை, ஆம்புலன்ஸ் வெள்ளைப் பொம்மை. துணி போர்த்தித் தூக்கி வந்தது யாரை என்று அந்த அளவில் தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

புகார் கொடுத்த கிஷோர் ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறார். தூத்துக்குடிக்காரர், ஐ.டி. வேலை. என் மூன்றாவது மாடி வீட்டை வாங்கியவர் அவர்தான். ஆடியில் யாரும் பத்திரம் போட மாட்டார்கள் என்பதால் ஆவணி பிறந்ததும் முடித்தோம். அந்தப் படத்தைப் பார்த்து, "தூக்குக்குண்டு விட்ட மாதிரி நிக்குதே அண்ணே" என்று அவரே பாராட்டினார். இப்போது, வீட்டை விற்கத்தான் அப்படி எடுத்தேன் என்கிறார். கலையைக் கொச்சைப்படுத்தலாமா, மேடம்? கோணல் படம் என் கையிலிருந்து வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். வீடு விற்றது தற்செயல். எவ்வளவு சாய்ந்தால் ஆபத்து என்றெல்லாம் எனக்கென்ன தெரியும்? நான் இன்ஜினீயரும் இல்லை.

அம்பத்தூரில் நாங்கள் போயிருக்கும் வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல வீடு. அறைக்கு அறை தரையில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பால் காய்ச்சினோம்.