புங்க மரத்து நிழல்

காக்களூர் பெட்ரோல் பங்க் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி நின்றது. ஓட்டி வந்த பெண் கம்பெனிச் சீருடையில் இருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு வயது குறைவு.

“நேத்து மத்தியானம் எங்க கம்பெனி முனையில ஒரு வண்டிகூட வரலியாம்டி. கேமரா சொல்லுதாம்.”

“இன்னாக்கா சொல்ற? ஷிப்டு உடற நேரமாச்சே!”

“ரோடு இன்ஜினியருங்க புதுசா கேமரா மாட்டி டெஸ்ட் பண்றானுங்க. கம்பெனி சந்துலேர்ந்து வண்டி வந்து வெள்ளக் கோட்டுல நின்னா, அது பாத்துட்டு மெயின் ரோட்டுல லைட்ட எரியவிடும். லாரிக்காரன் ஸ்லோ பண்ணுவான்.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா இந்த வெயில்ல எவ கோட்டுல போய் நிப்பா? எல்லாரும் பின்னாடியே புங்க மரத்து நிழல்ல நின்னுக்கினு, ரோடு காலியானதும் ஒரே போக்கா போயிடறோம். கேமராவுக்குக் கோடு மட்டுந்தான் தெரியுதாம். லைட்டே எரியல.”

“அப்போ கேமராவ நிழல் பக்கம் திருப்பச் சொல்றதுதானே?”

“சொன்னேனே! அதெல்லாம் ஆவாதாம். மரத்த வெட்டிட்டா நாங்க தானா கோட்டுக்கு வந்துடுவோமாம். செவப்பு பெயிண்ட்ல மரத்துமேல குறியே போட்டுட்டானுங்க!”

“அடப்பாவிங்களா!”

வரிசை நகர்ந்தது. அந்தப் பெண் காலால் வண்டியை உந்திக்கொண்டே திரும்பினார்.

“லேப்டாப்ப வச்சிக்கினு நாள் பூரா எங்க உக்காந்து டெஸ்ட் பண்ணானுங்க தெரியுமா? அதே மரத்தடியில!”