விழுந்த பிளக்

உங்கள் விசாரணை அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கிறது ஐயா, ஒரு வார்த்தையைத் தவிர. அதைத் திருத்தத்தான் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருஷமாகச் சின்ன விமானங்களின் இன்ஜினைப் பார்த்துவருகிறேன். முசுடு என்று பேர் வாங்கியிருக்கிறேன். கவனம் இல்லாதவன் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பார்க் பிளக் கை தவறிக் கீழே விழுந்தால், புதுசானாலும் திரும்ப மாட்டக் கூடாது. உள்ளே இருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், வெளியே தெரியாது. வேறு யாராவது தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று, நான் அதன் முனையைச் சுத்தியலால் நசுக்கிவிட்டுத்தான் தகர டப்பாவில் போடுவேன். செத்த பாம்பை அடிக்கிறார் என்று ஷெட்டில் என்னைக் கேலி செய்வார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. எட்டு பிளக்குகளையும் கழற்றிக் கரி நீக்கி, முனை இடைவெளி அளந்து, மரத்தட்டில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். என் ஒரே தங்கை பாப்பாவின் கணவர், எங்கள் ஃபிளையிங் கிளப்பின் பைலட். பாப்பாவுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். அவளுக்குத் தலை பின்னியதும் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். எனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தோன்றவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அடுத்த தெருவில்தான் இருந்தாள்.

மாப்பிள்ளை என் மேஜையில் சாய்ந்துகொண்டு ஒரு பிளக்கை எடுத்துக் கையில் உருட்டியபடியே சொன்னார். வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம், மாசக் கடைசியில் கிளம்புகிறார்களாம்.

"பாப்பாகிட்ட கேட்டீங்களா மாப்பிள்ளை?"

"அவதான் மச்சான் முதல்ல சரின்னா."

சொல்லும்போதே பிளக் அவர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்தார், ஊதினார், தட்டில் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை, கீறல்கூட இல்லை என்றார்.

அவர் போன பிறகு சுத்தியலை எடுத்தேன். அடிப்பதற்கு முன் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பீங்கானில் விரிசல் இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், ஒன்று போனாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விரிசல் விட்ட பிளக் சும்மா அணைந்துபோகாது. முழு விசையில் ஏறும்போது முனை பழுக்கக் காய்ந்து, நேரத்துக்கு முன்பே எரிபொருளைக் கொளுத்திப் பிஸ்டனையே ஓட்டை போடும். அதுவும் எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது மாப்பிள்ளைக்கு ஒரு பயம், அவ்வளவுதான். ஓடுதளத்தைத் தாண்டினால் மேடு பள்ளம் இல்லாத பெரிய வயல். நேராக அங்கே இறக்கிவிடுவார், பாப்பா இனிமேல் பறக்கவே வேண்டாம் என்பாள். எல்லாரும் இங்கேயே இருப்போம். யோசித்துப் பாருங்கள், இதில் கெடுதல் என்ன இருக்கிறது?

வேலை முடிந்த விமானத்தை முதலில் பைலட் தனியாக ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. வியாழக்கிழமை காலையில் அவர் பாப்பாவோடு வந்தார். ஊரைவிட்டுப் போவதற்குள் ஒரு தடவை வீட்டை மேலிருந்து பார்க்க வேண்டுமாம். இன்றைக்கு வேண்டாம், காற்று பலமாக இருக்கிறது என்றேன். கம்பத்தில் காற்றைக் காட்டும் துணிப்பை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

"நீ கை வச்ச இன்ஜின்தானேண்ணா. எனக்கென்ன பயம்?"

இன்ஜினை ஓட்டவிட்டார். பிளக்குகளில் ஒரு வரிசையை நிறுத்திப் பார்த்தார், பிறகு மற்றொரு வரிசையை. இன்ஜின் வேகம் காட்டும் முள் அளவுக்கு மீறி இறங்காதா, அவரே நிறுத்திவிட மாட்டாரா என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான், ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சத்தத்திலேயே தெரிந்தது, முள் இறங்க வேண்டிய அளவுக்குத்தான் இறங்கியது. அந்த மாதிரி விரிசல் தரையில் பிடிபடாது.

எங்கள் மைதானத்தில் மெக்கானிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாமல் பைலட் பிரேக்கை விடமாட்டார். மாப்பிள்ளை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பாப்பாவும் பார்த்தாள். இரண்டு கையையும் குறுக்கே பிடித்தால் போதும், இன்ஜின் நின்றுவிடும். நின்றால் ஏன் என்று கேட்பார். மூடியைத் திறக்க வேண்டும், பிளக்கைக் கழற்றிக் காட்ட வேண்டும். பாப்பா பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

நானூறு அடி உயரத்தில் சத்தம் மாறியது. எனக்குத்தான் முதலில் கேட்டது. தனியாக இருந்திருந்தால் நேராக வயலில் இறக்கியிருப்பார். பாப்பா பக்கத்தில் இருந்ததால் ஓடுதளத்துக்கே திரும்பப் பார்த்தார். திரும்பி முடிக்க உயரம் போதவில்லை. அவருக்கு இரண்டு காலும் போயிற்று. பாப்பா இருந்த பக்கம்தான் முதலில் தரையில் பட்டது. அவளை வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை சொன்னதை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மச்சான் மேல் தப்பே இருக்காது என்றாராம். நல்ல மனுஷன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது சிலிண்டர், மேல் பிளக். விரிசலைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் மாட்டினேன். இடைவெளியை இரண்டு தடவை அளந்தேன், புது வாஷர் போட்டேன், மரைக்குப் பசை தடவினேன், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முடுக்கினேன். அவள் ஏறி உட்கார்ந்ததையும் பார்த்தேன். எதையும் நான் கவனிக்காமல் விடவில்லை.

மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். அண்ணன் கவனக்குறைவாக இருந்துவிட்டான் என்று சொன்னால் பாப்பா நம்பவே மாட்டாள்.