பேறுகாலப் பாட்டின் கடைசி ஏடு

இரண்டு பக்கம் எழுதினால் போதும், வலது மணிக்கட்டு வீங்கிக்கொள்கிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் வாப்பா ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தவர். நான் மூட்டைக்குப் பயந்து எழுத்துப் படித்தவன். ரங்கூனுக்கு எதிர்க்கரையான டாலாவில் இருந்துகொண்டு, அரபு எழுத்தில் எழுதிய பழைய தமிழ்ப் பாட்டுகளை வீடு வீடாகத் தேடிப் பிரதி எடுத்தேன். நம் ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாம் வேதம் என்று நினைத்து, கிழிந்ததும் மரியாதையாக ஆற்றில் விட்டுவிடுவார்கள். முடிந்ததை நான் முந்திக்கொண்டு வாங்கிவிடுவேன்.

அப்படித் தப்பியதுதான் பேறுகால முனாஜாத்து. பிள்ளை பிறக்கச் சிரமப்படும்போது பெண்கள் பாடும் மன்றாட்டு. கடைசி ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது. மீதி, மருத்துவச்சி சைதாவின் வாயில் இருந்தது. சும்மா பாடமாட்டாள்.

"வலிக்கிறவ இல்லாம பாடினா வலியைக் கூப்பிட்ட மாதிரி, புலவரே. வேணும்னா நீங்க படுங்க, பாடுறேன்."

பிள்ளை அழுததும் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்பதும் வழக்கம். டாலாவில் பிள்ளைகள் சீக்கிரம் பிறந்துவிடும். எத்தனையோ வாசல்களில் தாளோடு உட்கார்ந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறேன்.

2001 மழைக்காலத்தில் என் மருமகள் ருக்சானாவுக்கு வலி எடுத்தது. மகன் அமீர் அலி லைங் தாயா தையல் ஆலையில் இருந்தான். வீட்டில் ஆண்பிள்ளை நான்தான். சைதா உள்ளே பாட, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதினேன். உச்சிக்கு முன்னால் சைதா திரையை விலக்கினாள்.

"பிள்ளை குறுக்கே கிடக்கு. சைக்கா புடிங்க. படகேத்தி அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்கள் நிற்கும் தெருமுனைவரை போய்த் திரும்பினேன். "வண்டி ஒண்ணும் இல்லை. சொல்லி வச்சிருக்கேன். நீ பாடு."

பாடினாள். திரைக்கு அடியில் இரத்தம் என் பக்கம் வந்தது. தாளை மடிக்கு மாற்றிக்கொண்டேன். வாடை பொறுக்காமல் மூக்கில் துண்டைக் கட்டினேன்.

"மாமா, வண்டி வந்துச்சா?"

"வருதும்மா."

சாயங்கால அசர் பாங்குக்குள் பாட்டு முடிந்தது. ருக்சானாவும் முடிந்தாள். பிள்ளை வெளியே வரவேயில்லை.

சைதாவின் ஓலம் கேட்டு முனையிலிருந்து சைக்காக்காரன் காஜா மைதீன் ஓடிவந்தான். "காக்கா, நான் அங்கேயேதானே நின்னேன்? மழை விடுமான்னு மட்டும் கேட்டுட்டுப் போனீங்களே?"

சைதா என்னைப் பார்த்தாள். தாளின்மேல் காறித் துப்பினாள். துடைத்துக் காயவைத்தேன். எழுத்து கலையவில்லை.

தெரிந்து செய்ததா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். இரண்டு உயிரும் என்னால்தான் போயின. அமீர் அலிக்கு வேறு பெண் அமைந்தாள், பிள்ளைகளும் உண்டு, அவனுக்கு ஈடாகிவிட்டது. எனக்குத்தான் ஆகவில்லை. ருக்சானா போட்ட கூச்சலில் பாட்டின் ஈரடிக் கண்ணி ஒன்று என் காதில் விழாமல் போயிற்று. அதற்குப் பிறகு சைதா எந்த வீட்டிலும் பாடவில்லை, பாடாமலே மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். அந்த ஒரு கண்ணி தமிழுக்கு நான் பட்ட கடன். இன்னும் கொடுக்கவில்லை.