கையொப்பம் விழாத ஆறு வரிகள்

(வானொலி நிலையத்தின் எழுத்துப்படித் தணிக்கை அலுவலர் ஐயா அவர்கள் இருபத்தெட்டு ஆண்டுப் பணியை நிறைவு செய்யும் நாளில், நிலையப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்)

எழுத்தை எடைபோட்ட ஏந்தலே! சொல்லுக்குச் சுங்கம் வாங்கிய சான்றோரே! காற்றில் கலக்கும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணிமைக்காமல் காவல் நின்ற காவலரே! இரண்டாம் மாடித் தாழ்வாரத்தின் இறுதி அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து, இருமல் சத்தத்தாலேயே எங்களை எழுந்து நிற்கவைத்த எம் இனியவரே! தேநீர் வேளையில் தங்களைக் 'கப்சிப் ஐயா' என்று அழைத்தவர்கள் நாங்கள்தான் என்பது தங்களுக்குத் தெரியும். அதைத் தங்கள் காதில் போட்டது யார் என்பது மட்டும் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வணக்கம்!

கடமையில் கண்ணாகவும் காலத்தில் கடிகாரமாகவும் விளங்கிய தாங்கள் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இந்த நிலையத்தின் விதி எளியது. ஒலிவாங்கியின் முன் வாசிக்கப்படும் எதுவானாலும், அதில் தங்கள் கையொப்பம் இருக்க வேண்டும். தங்கள் மேசையில் இரண்டு டிரேக்கள் உண்டு. கையொப்பமான தாள் வலது டிரேக்குப் போகும். கையொப்பமாகாத தாள் இடது டிரேக்குப் போகும். 'வேண்டாம்' என்ற சொல்லைத் தங்கள் வாயிலிருந்து கேட்டவர் இந்த மண்டபத்தில் ஒருவருமில்லை. இடது டிரேயில் கிடக்கும் தாளை எழுதியவரே ஓசைப்படாமல் எடுத்துப் போவார். உறுத்தும் என்று தனக்குப் பட்டதைத் தன் பேனாவாலேயே அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார். தாங்கள் புன்னகையோடு கையொப்பமிடுவீர்கள். அந்தப் புன்னகைக்குப் பொருள் என்ன என்று நாங்கள் கேட்டதேயில்லை.

அப்படி நாங்கள் அடித்தவை கொஞ்சமா! 'கனமழை' எங்கள் கையில் 'போதுமான மழை' ஆயிற்று. ஒரு நாடகத்தில் குமாஸ்தா பெரிய அதிகாரியின் எதிரே தும்முவார். அந்தத் தாள் இடது டிரேயில் கிடந்ததைக் கண்ட நாடக எழுத்தாளர் தும்மலை எடுத்தார். மறுபடியும் கிடக்கவே குமாஸ்தாவை எடுத்தார். கடைசியில் அதிகாரி மட்டும் முப்பது நிமிடம் தனியாகப் பேசிய நாடகம் ஒலிபரப்பானது. சில ஆண்டுகள் போனதும் டிரேக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எழுதும்போதே எங்கள் கை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

வெட்டியவர் தாங்களா நாங்களா என்ற வழக்கு தேநீர் அறையில் ஓயாமல் நடக்கும். "அவரு ஒரு வரிகூட வெட்டினதில்லப்பா. வெட்டினதெல்லாம் நம்ம கைதான். அவரு இல்லன்னா மேலிடம் நம்மளச் சும்மா விட்டிருக்குமா?" என்பார் ஒலிப்பதிவாளர். நாடக எழுத்தாளர் விடமாட்டார். "கத்தியை நம்ம கையில குடுத்து நம்ம கழுத்தையே அறுக்க வெச்சாரே, அது சாமர்த்தியம் இல்லையா?" என்பார். தாழ்வாரத்தில் காலடி கேட்டால் இருவரும் சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காலடி தங்களுடையதா என்று எட்டிப் பார்க்கும் துணிச்சல்கூட எங்களுக்கு இருந்ததில்லை.

வெளியே ஊர் தன் வழியைத் தானே கண்டுகொண்டது. எதிர்ச்சாரிக் கடைக்காரர் ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "ரேடியோவுல எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களா, உடனே ரெண்டு மூட்டை அரிசி வாங்கி உள்ள வெச்சுட்டேன்." சிரித்துக்கொண்டே திரும்பினோம். நாங்கள் சொல்வதை நம்புவதை விட்டுவிட்டு, நாங்கள் சொல்லாததைத் தேடிக் கேட்கும் ஊரை உருவாக்கியிருக்கிறோம் என்று வெகுநாள் கழித்தே உறைத்தது.

இனி அந்த ஆறு வரிகள். பாராட்டு மடலில் இது எதற்கு என்று தங்கள் புருவம் உயர்வது தெரிகிறது, ஐயா. பொறுத்தருள்க.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் செய்தி எழுத்தாளர் அக்கா கிழக்குத் தெருக்களின் மருத்துவரைப் பார்த்து வந்தார். கிழக்குக் குடிநீர்த் தொட்டியில் சாக்கடை கலக்கிறது, மஞ்சள் காமாலை தொடங்கிவிட்டது, தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று மருத்துவர் சொன்னதை ஆறு வரிகளில் எழுதித் தங்கள் மேசையில் வைத்தார். அது இரண்டு நாள் இடது டிரேயில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை வழக்கப்படி அவர் எடுத்துப் போனார். தொட்டியை அடித்தார், சாக்கடையை அடித்தார், காமாலையை அடித்தார். 'தூய நீர் பருகுவது உடலுக்கு நல்லது' என்ற ஒரு வரி மிஞ்சியது. அதற்குத் தாங்கள் நின்றபடியே கையொப்பமிட்டீர்கள். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அது ஒலிபரப்பானது. ஒரு மாதத்திற்குள் கிழக்குத் தெருக்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் நிலைய ஓட்டுநரின் மனைவி.

துக்கம் விசாரிக்கப் போன அன்று ஓட்டுநர் அக்காவிடம் அழாமல் கேட்டார். "நான்தானக்கா உங்களை அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். திரும்பி வர்றப்ப முக்கா மணி நேரம் பேசிக்கிட்டே வந்தோம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இன்னும் கையெழுத்து ஆகலையேன்னு இருந்துட்டேன் தம்பி" என்றார் அக்கா.

ஐயா, அந்தப் பதிலை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கேட்டவர்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் எங்களுக்கு வெட்கம். கையொப்பமாகாததை வெளியே பேசலாகாது என்று படிக்கட்டில் தாங்கள் மாட்டிய பலகையை நாள்தோறும் படித்துப் படித்து, பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டுபவரிடம் தண்ணீரைக் காய்ச்சு என்று சொல்லவும் அனுமதிக்குக் காத்திருந்தோம்.

நாளை காலை பத்து மணிக்கு, அந்த ஒன்பது சாவுகளை ஆராயும் விசாரணைக் குழு அக்காவை அழைத்திருக்கிறது. அவர்கள் கையில் இருப்பவை இரண்டு தாள்கள். ஒன்றில் அக்காவின் கையெழுத்தில் ஆறு வரிகள், அக்காவின் பேனாவாலேயே அடிக்கப்பட்டவை. மற்றொன்றில் ஒரே வரி, அதன் கீழே தங்கள் கையொப்பம். இடது டிரே எந்தக் கோப்பிலும் இல்லை. உண்மையை மறைத்தவர் அக்கா என்றுதான் தாள் சொல்லும். அவர் வேலை போகும். அதற்குமேல் என்ன போகும் என்று சொல்லத் தெரியவில்லை. தாங்களோ இன்று மாலையோடு ஓய்வு பெறுகிறீர்கள். ஓய்வு பெற்றவரை அழைக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இல்லையாம். இந்தத் தேதிப் பொருத்தம் தானாக அமைந்ததா என்று சந்தேகப்படுகிறோம். சந்தேகிக்கவும் தங்களிடமே கற்றோம்.

சென்ற வாரம் ஒலிப்பதிவாளர் துணிந்து கேட்டபோது தாங்கள் சொன்ன பதில்: "இடது பக்கம் வெக்கிறது நான் இன்னொரு தடவை படிக்கணும்னு நினைக்கிறதுதாங்க. நான் யாரையும் எடுக்கச் சொல்லலையே. நீங்களாத்தான் எடுத்துட்டுப் போறீங்க." அன்றிரவு எங்களில் பாதிப்பேர் அதை நம்பினோம். மறுநாள் ஒரு கேள்வி முளைத்தது. இன்னொரு தடவை படிக்க விரும்பிய ஆறு வரிகள் ஒற்றை வரியாகத் திரும்பி வந்தபோது, மிச்சம் ஐந்து எங்கே என்று ஏன் கேட்கவில்லை, ஐயா?

இம்மடலையும் விதிப்படி மூன்று நாள் முன்பே தங்கள் மேசையில் வைத்தோம். இடது டிரேக்குப் போயிற்று. இந்த முறை யாரும் எடுக்க வரவில்லை. இன்று காலை தாங்களே தாழ்வாரத்துக்கு வந்து, "யாரும் எடுக்க வரலையா?" என்று கேட்டீர்கள். கையொப்பம் இல்லாத நகலைத்தான் இப்போது வாசிக்கிறோம். இந்தப் பத்தியும் இதற்குப் பின் வருபவையும் இன்று மதியம் எழுதியவை, தாங்கள் பார்க்காதவை.

அன்பின் குறையால் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டுத் திருமணங்களுக்கு முதல் ஆளாக வந்தவர் தாங்கள். எங்களில் மூவருக்கு வேலை போகாமல் காத்தவரும் தாங்களே. அந்த நல்லவரையும் இந்த டிரேயையும் ஒன்றாகப் பார்க்க எங்களால் முடியவில்லை, வலிக்கிறது. நோயின்றி, நொடியின்றி, நெடுநாள் நிறைவாக வாழ்க! தங்கள் வீட்டுக் குழாயில் என்றும் தெளிந்த நீர் வருக! கலங்கி வரும் நாளில் யாராவது கதவைத் தட்டித் தங்களிடம் சொல்க!

அடுத்து தங்கள் ஏற்புரை. தங்கள் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று தெரிகிறது. அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது; யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கவுமில்லை. விசாரணைக் குழுவின் செயலாளர் எங்கள் அழைப்பை ஏற்று இரண்டாம் வரிசையில் இருக்கிறார். ஆறு வரிகள் இடது டிரேயில் கிடந்த அந்த இரண்டு நாட்களைப் பற்றித் தாங்கள் சொல்லும் எதையும் அவர் குறித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் அதையும் குறித்துக்கொள்வார். ஒலிவாங்கியைத் தங்கள் பக்கம் திருப்பி வைக்கிறோம். முன்வரிசையில் வலக்கோடியில் ஓட்டுநர் அமர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்துப் பேசுங்கள், ஐயா.

அன்பும் ஐயமும் மாறாத,
நிலையப் பணியாளர் அனைவரும்