எதிரில் ஆளில்லாத ஆட்டம்

இது காசு வைத்து ஆடுகிற சீட்டில்லை ஐயா. உங்கள் ஏட்டையா அப்படித்தான் நினைத்துக்கொண்டு கேட்கிறார். அட்டையில் அரக்கன், வீரன், மந்திரம் என்று படம் இருக்கும். அவரவர் வேண்டியதைப் பொறுக்கிக் கட்டு சேர்த்து மோத வேண்டும். தென்காசி மாவட்ட அட்டைப்போர்க் கழகத்தின் நிறுவனத் தலைவர் நான். லெட்டர்பேடு உண்டு. உறுப்பினர் ஒருவர், முத்துச்செல்வம்.

புதிய கட்டு தேறுமா என்று பார்க்கத் தனியாக ஆடிப் பார்ப்போம். எதிரில் ஒருவன் இருக்கிறான், ஆனால் அவன் ஒன்றுமே செய்யமாட்டான் என்று வைத்துக்கொண்டு ஆடுவது. அதில் நான் தோற்றதே கிடையாது. முத்துச்செல்வம் பெங்களூரிலிருந்து லீவில் வந்து உட்கார்ந்தால்தான் ஏனோ கட்டு சரியாக அமையாது.

பழைய குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கையில், குளிக்க வந்தவர்கள் காதில் விழும்படி சொன்னான்: "ஏலே தலைவரு, எதுத்தாப்ல ஆளே இல்லன்னா நீதாம்லே உலகச் சாம்பியன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாசியில் வழுக்கி விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறது. பாசி மேல் பழி போட எனக்கு மனமில்லை. என் கைதான் தள்ளியது.

அவனுக்குக் கை, கால், பேச்சு எல்லாம் போயிற்று. கழக உறுப்பினரை அப்படியே விட்டுவிட முடியுமா? தினமும் சாயங்காலம் போனேன். அவனைச் சாய்த்து உட்காரவைத்து, மடியில் பலகை போட்டு, அவன் பங்கு அட்டைகளை அவன் பார்க்க அடுக்கிவிட்டு, என் கட்டைச் சோதித்தேன். அவன் கண் என் கையை விட்டு அகலாது. ரசிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவன் மனைவி உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "சொந்தக்காரவுகளே எட்டிப் பாக்கல அண்ணாச்சி. நீங்க வந்தாத்தான் இவுக முழிச்சே பாக்காக." ஒரு தலைவனுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமை எனக்குக் கட்டு அருமையாக அமைந்தது. கடைசி அடியைப் போட்டேன். அப்போது முத்துச்செல்வத்தின் சுட்டுவிரல் அசைந்தது. நடுங்கி நடுங்கி ஓர் அட்டையை முன்னே தள்ளியது. என் அடியைத் தடுக்கக்கூடிய ஒரே அட்டை.

"சீனி போடட்டுமா அண்ணாச்சி?" அடுப்படியிலிருந்து உமாதேவி கேட்டாள்.

அரை ஸ்பூன் போதும் என்றேன்.

விரல் திரும்பியவனுக்கு நாக்கும் திரும்பும். அருவியைப் பற்றி அவன் என்ன சொல்வானோ என்ற பயம் எனக்கு இல்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சோதனை ஆட்டத்தில் எதிராளி அசையக்கூடாது, அவ்வளவுதான். தலையணையை எடுத்து முகத்தில் வைத்து, விரல் ஓயும்வரை அழுத்தினேன். பிறகு அவன் தள்ளிய அட்டையை எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். உமாதேவி டீயோடு வாசற்படியில் நின்றதை நான் கவனிக்கவில்லை. ஆட்டத்தில் மூழ்கிவிட்டால் அப்படித்தான்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். கூடவே, அந்த ஆட்டத்தில் ஜெயித்தது நான்தான் என்பதையும் எழுதிவிடுங்கள். ஒரு விதியைக்கூட நான் மீறவில்லை.