பார்க்க விருப்பமில்லை

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால்கள். இப்போதெல்லாம் நாற்காலியைக் கண்டால் மறுக்க மனம் வருவதில்லை.

மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டின் தலைமை நர்ஸ் நான். உரிமைக் குழுவில் நோயாளிகளுக்காகப் பேசும் உறுப்பினரும் நான்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அடம்பிடிப்பவர்களைக் கட்டிலோடு கட்டத் துணிப்பட்டைகள் வைத்திருந்தார்கள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இதையெல்லாம் மாற்றச் சொல்லி நான் ஏறாத படி இல்லை. என் தலையைக் கண்டதுமே அலுவலகத்தில், "வந்துட்டாங்கப்பா வக்கீலம்மா" என்று முணுமுணுப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் நான் பேசினால் அது நர்ஸ் பேச்சு. நோயாளியே பேசினால்தான் பெரியவர்கள் காதில் ஏறும். அப்படி ஓர் ஆள் எனக்குக் கிடைத்தது நான்கு வருடத்துக்கு முன்பு, தையல்காரம்மா வந்து சேர்ந்தபோதுதான்.

கணவன் இறந்த துக்கத்தில் புத்தி பேதலித்து வந்தவள். முதல் வாரம் அவளுடைய ஒரே மகள் பார்க்க வந்தாள். "அவ என் பொண்ணே இல்ல, யாரோ அவ முகத்தை மாட்டிக்கிட்டு வந்திருக்காங்க" என்று தாய் கத்தினாள். யாரையும் பார்க்க விருப்பமில்லை என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவளும் நான்தான். தையல்காரம்மா அதில் கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதத்துக்குச் செல்லும்.

இரண்டே மாதத்தில் தெளிந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் முன்னால் எழுந்து நின்று, "ஐயா, நீங்க குளிக்கையில நாலு பேர் நின்னு பார்த்தா உங்களுக்குப் பைத்தியம் தெளியுமா, பிடிக்குமா?" என்றாள். மறு வாரமே தாழ்ப்பாள் வந்தது. அடுத்த ஆய்வோடு துணிப்பட்டைகள் போயின. என் படம் செய்தித்தாளில் வந்தது.

அப்படிப்பட்டவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மற்ற முப்பத்தெட்டுப் பேருக்கு வாய் ஏது?

அதனால் படிவத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே புதுப்பித்தேன். அவள் கையெழுத்து எளிது. இரண்டு சுழி, ஒரு கோடு. மகள் மாதம் தவறாமல் முதல் ஞாயிறு வருவாள். படிவத்தைக் காட்டி, "இது அம்மாவோட உரிமைம்மா, நாமதான் மதிக்கணும்" என்பேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். நல்ல பெண். யாரும் வரவில்லை என்று உள்ளே வந்து சொல்வேன். "அவளுக்கு வேலை இருக்கும் சிஸ்டர்" என்று தையல்காரம்மாவே சமாதானம் சொல்வாள். உறவினர் யாரும் வருவதில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவேன். அழைத்துப் போக ஆளில்லாதவளை எந்த டாக்டர் வெளியே விடுவார்?

இரண்டாம் வருடம் மகள் ஒரு துணியோடு வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அம்மா என்னைப் பார்க்க வேண்டாம். இந்த ரவிக்கையை மட்டும் தைச்சுக் கொடுக்கச் சொல்லுங்க சிஸ்டர்" என்று அளவுச் சீட்டை நீட்டினாள். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரு நர்ஸின் தங்கைக்கு என்று சொல்லித் துணியைக் கொடுத்தேன்.

சீட்டைப் படித்தவள் ஓர் எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"சிஸ்டர், இது என் பொண்ணோட அளவு. இடது தோள் கால் இஞ்சு இறக்கம்."

"உலகத்துல உங்க பொண்ணுக்கு மட்டும்தானா தோள் இறங்கியிருக்கும்?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்தாள். மூன்று நாள் எடுத்துத் தைத்தாள். அத்தனை நேர்த்தி.

இந்த வருடம் புதிதாக வந்த டாக்டர் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். "இவங்க மனசு முழுக்கத் தெளிவா இருக்கே சிஸ்டர். ஆள் இல்லேன்னா என்ன, தைச்சுப் பிழைச்சுக்குவாங்க. திங்கட்கிழமை அனுப்பிடலாம்" என்றார். அப்படியே எழுதியும் வைத்தார். தையல்காரம்மா பையில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவளை என் அறைக்கு அழைத்து உட்கார வைத்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். உங்கள் மகள் பிரசவத்தில் இறந்துவிட்டாள், குழந்தையும் இல்லை என்று தகவல் வந்திருக்கிறது என்றேன். குழந்தையை ஏன் சேர்த்தேன் என்று கேட்கிறீர்கள். குழந்தை இருக்கிறது என்றால் பார்க்கக் கிளம்பிவிடுவாள், ஐயா.

அவள் அழவில்லை. "அவளுக்குக் கல்யாணம் ஆச்சா?" என்றாள். பிறகு, "அப்ப அந்த ரவிக்கை..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை.

அன்று முதல் சாப்பாட்டைத் தொடவில்லை. டாக்டர் வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டு, மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்த வேண்டும் என்றார். குழுவைக் கூட்டினேன். மனம் தெளிவாக இருக்கிறது என்று டாக்டரே எழுதியிருக்கிறார், தெளிந்த மனதோடு வேண்டாம் என்பவளைப் பிடித்து அமுக்கிக் குழாய் போட நாம் யார் என்று கேட்டேன். குழாய் வேண்டாம் என்று குழு முடிவெழுதியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை.

மகள் உயிரோடு இருப்பதை அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை போயிருக்கும்.

பதினேழாம் நாள், முதல் ஞாயிறு. மகள் தோளில் குழந்தையோடு வந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்றாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிப் படிவத்தைக் காட்டினேன். குழந்தையின் கையைப் பிடித்து வார்டுச் சுவர்ப்பக்கமாக ஆட்டிவிட்டுப் போனாள்.

பத்தொன்பதாம் நாள் தையல்காரம்மா இறந்தாள். இறப்பைத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை. நானே மகளுக்குப் போன் செய்தேன். உடலை வாங்க வந்தவளிடம் டாக்டர் நீங்கள் யார் என்று கேட்டார். "பொண்ணு" என்றாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். ஒரு கையெழுத்தையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசி மூச்சு வரை, அவள் சம்மதமில்லாமல் ஒருவர் விரலும் அவள்மேல் பட நான் விடவில்லை.